பதக்கத்துக்குப் பரிசாக மாநிலங்களவை இருக்கை வேண்டாம்: பிரதமருக்கும் ஒன்றிய அமைச்சரவைக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இந்தியப் பிரதமர் அவர்களுக்கும் ஒன்றிய அமைச்சரவை உறுப்பினர்களுக்கும்,

மாநிலங்களவையின் பன்னிரண்டு நியமன உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதாக அரசமைப்புச் சட்டம் கூறினாலும், அந்தப் பெயர்கள் தங்கள் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே முடிவாகின்றன என்பதால் இம்மடலைத் தங்களுக்கே எழுதுகிறேன். விளையாட்டில் புகழ்பெற்றவர்களை அந்தப் புகழ் ஒன்றையே தகுதியாகக் கொண்டு சட்டமியற்றும் அவையில் அமர்த்துகிற வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். சிவகங்கை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், விளையாட்டின் மீதுள்ள அக்கறையினாலேயே இதைக் கேட்கிறேன்.

2025 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா மறுநாளே மாநிலங்களவையிலும் நிறைவேறியது. விளையாட்டுச் சம்மேளனங்களை அங்கீகரிக்க ஒரு தேசிய வாரியம், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தல்களைக் கண்காணிக்க ஒரு குழு என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டவை அதில் இடம்பெற்றிருந்தன, அவற்றை வரவேற்கிறேன். ஆனால் அன்று விளையாட்டின் பெயரால் அவையில் அமர்ந்திருந்த நியமன உறுப்பினர் திருமதி பி.டி.உஷா, அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவிருக்கும் அமைப்புகளில் முதன்மையான இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அவர் பேசியதில் தவறு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஒரு சங்கத்தை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அலசி ஆராய வேண்டிய உறுப்பினரும் அந்தச் சங்கத்தின் தலைவரும் ஒருவராகவே இருக்கும்போது, அவையில் விளையாட்டுக்கென்று இருந்த ஒரே இருக்கையிலிருந்து எந்தக் கடினமான கேள்வி வரும் என்பதே என் கவலை.

அவர்மீது எனக்குள்ள மதிப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1984 இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அவர் வெண்கலத்தைத் தவறவிட்ட கதையைச் சொல்லித்தான் என் தலைமுறை உடற்கல்வி ஆசிரியைகள் பெண் பிள்ளைகளைப் பாதையில் இறக்கினோம். ஓட்டத்தை நிறுத்திய பிறகு கேரளத்தில் தடகளப் பயிற்சிப் பள்ளி நடத்தி, ஓட்ட வீராங்கனை டின்டு லூக்கா போன்றவர்களை ஆசியப் போட்டி வரை கொண்டுசென்றவர் அவர். என்னைக் கேட்டால், மாநிலங்களவைக்கு அவருக்கிருந்த உண்மையான தகுதி அந்தப் பயிற்சிப் பள்ளிதான், லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டமல்ல. 2022 ஆகஸ்டில், பதவியேற்ற சில நாட்களிலேயே, ஊக்கமருந்துத் தடுப்பு மசோதாவின் மீது பேசிய அவர், இளையோர் மட்டத்திலேயே ஊக்கமருந்து பரவிவிட்டதை எடுத்துச் சொன்னார். களத்தை அறிந்த ஒருவரால்தான் அதை அப்படிச் சொல்ல முடியும். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குப் பரிசோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஓடிய செய்தியைப் படித்தபோது அந்தப் பேச்சு என் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதே 2022 டிசம்பரில் அவர் ஒலிம்பிக் சங்கத் தலைவரானார். அடுத்த ஏப்ரலில், பாலியல் துன்புறுத்தல் புகாருடன் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட அமர்ந்தபோது, வீதியில் இறங்கிப் போராடுவது ஒழுங்கீனம் என்றும் நாட்டின் பெயருக்குக் களங்கம் என்றும் கருத்துரைத்தார். சில நாட்களில் நேரில் சென்று அவர்களைச் சந்திக்கவும் செய்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும், மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கி நடந்த அந்தப் பெண்களைக் காவல்துறை இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. அவர்கள் சார்பில் அவைக்குள் எழுந்து பேசியிருக்க வேண்டிய நியமன உறுப்பினரின் தோளில் சங்கத்தின் பொறுப்பும் இருந்தது. இந்த இரட்டைப் பொறுப்பைத் தடுக்க விதி வகுக்காதது அவர் குற்றமன்று, நியமித்தவர்களின் குற்றம்.

அரசமைப்புச் சட்டத்தின் 80ஆவது பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உள்ளவர்களை நியமிக்கச் சொல்கிறது. விளையாட்டு அதில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. மாநில மேலவைகளுக்கான 171ஆவது பிரிவில் இதே நான்குடன் கூட்டுறவு இயக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். வேண்டியதைச் சேர்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சச்சின் டெண்டுல்கர் நியமிக்கப்பட்டபோது இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு 2012 டிசம்பரில் தள்ளுபடியானது என்பதை அறிவேன். ஆகவே இதைச் சட்டவிரோதம் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் 2011 இல் பாரத ரத்னா விருதை எந்தத் துறையினருக்கும் வழங்கலாம் என்று அரசு வெளிப்படையாக விதியை மாற்றிய பிறகே அந்த விருது ஒரு விளையாட்டு வீரருக்குப் போனது. ஒரு விருதுக்குக் காட்டிய அந்த நேர்மையை, சட்டத்துக்கு வாக்களிக்கும் அதிகாரம் தரும் இருக்கைக்குக் காட்ட மறுத்தது ஏன்?

இதுவரை நியமிக்கப்பட்டவர்களைப் பார்ப்போம். 2003 இல் மல்யுத்த வீரர் தாரா சிங்; அவர் திரைப்பட நடிகரும்கூட. 2012 இல் டெண்டுல்கர். 2016 ஏப்ரலில் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமும் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவும். சித்து மூன்றே மாதத்தில் விலகி வேறு அரசியல் பாதையில் போய்விட்டார். 2022 இல் உஷா. இவர்களில் இருவர் களத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே நியமிக்கப்பட்டவர்கள். டெண்டுல்கர் 2012 ஜூனில் உறுதிமொழி எடுத்தார், 2013 நவம்பர் வரை ஆடினார். மேரி கோம் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 2018 இல், ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். 2021 ஜூலை 19 அன்று மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை மேடையில் அவர் முதல் ஆட்டம் ஆடினார், 29 அன்று தோற்று வெளியேறினார். அந்த நாட்களில் அவர் இருக்க வேண்டிய இடம் டோக்கியோதான் என்று நாட்டில் எவரும் சொல்வார்கள். அப்படியானால் டெல்லியில் அவருக்கு எதற்காக ஓர் இருக்கை? காலையும் மாலையும் பயிற்சி எடுத்து, உடல் எடையைக் கிராம் கணக்கில் காத்து, நான்கு பிள்ளைகளையும் வளர்க்கும் ஒரு பெண்ணிடம் மசோதாவின் உட்பிரிவுகளையும் படித்து வா என்பது அவருக்குச் செய்யும் மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை.

டெண்டுல்கரின் வருகைப் பதிவு அவையின் அமர்வு நாட்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2014 இல் அவருடைய வருகையின்மையை மற்ற உறுப்பினர்களே அவையில் எழுப்பினார்கள். குடும்பத்தில் ஓர் அறுவை சிகிச்சை என்று அவர் விளக்கம் தந்தார். (அதே காலத்தில் நடிகை ரேகாவின் வருகையும் இதே நிலையில்தான் இருந்தது, இது விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய குறையன்று, புகழுக்காக அமர்த்தப்படுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவானது.) தொடர்ந்து அறுபது நாள் அனுமதியின்றி வராதவரின் இருக்கையைக் காலியாக அறிவிக்கலாம் என்று 101ஆவது பிரிவு சொன்னாலும், இடையில் ஒரு நாள் தலையைக் காட்டினால் அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும். தொகுதி மேம்பாட்டு நிதியை அவர் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் பயன்படுத்தியதையும், நெல்லூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்ததையும், பதவிக்காலம் முடிந்தபோது ஊதியத்தைப் பிரதமர் நிவாரண நிதிக்கே திருப்பித் தந்ததையும் பாராட்டுகிறேன். அவை நல்ல மனிதரின் செயல்கள். ஆனால் அவற்றைச் செய்ய மாநிலங்களவை உறுப்பினர் பதவி தேவையா?

2017 டிசம்பர் 21 அன்று அவர் முதன்முறையாக ஒரு விவாதத்தைத் தொடங்க எழுந்தார். பொருள், விளையாடும் உரிமை. பள்ளியில் விளையாட்டு ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கக் கத்தியவள் நான். அன்றைக்கு எவ்வளவு எதிர்பார்ப்போடு காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறொரு பிரச்சினைக்காக எழுந்த கூச்சலில் அவர் பேச முடியாமல் நின்றார்; மறுநாள் தம் பேச்சைக் காணொளியாக முகநூலில் வெளியிட்டார். கூச்சலிட்டவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவையில் பழகிய ஓர் உறுப்பினருக்கு அன்று கதவு அடைபட்டால் நாளை திறக்க வேறு கதவுகள் தெரியும்: கேள்வி நேரம், பூஜ்ய நேரம், சிறப்புக் குறிப்பு, நிலைக்குழு, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினராக இருந்தும் இந்த வழிகள் அவருக்குப் பழக்கமாகவில்லை. 2018 ஏப்ரலில் பதவிக்காலமும் முடிந்துவிட்டது.

நியமன இருக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. 1952 இல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960 இல் அந்தச் சட்டம் வந்தது. அவர் நாட்டியத்துக்காக நியமிக்கப்பட்டவர், ஆனால் நாட்டியப் புகழை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2007 முதல் 2013 வரை உறுப்பினராக இருந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன், நிலப் பட்டா கணவன் பெயரில் இருப்பதால் விவசாயி என்றே எண்ணப்படாத பெண்களுக்காக 2012 இல் ஒரு தனிநபர் மசோதாவை முன்வைத்தார். அது நிறைவேறாமலே காலாவதியானது. ஆனால் பிரச்சினை அவைக் குறிப்பில் ஏறியது.

விளையாட்டுக்கு அப்படி ஓர் உறுப்பினர் கிடைத்திருந்தால் எதைப் பேசியிருப்பார்? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் புதிய கட்டடம் எழுந்தபோது நூறு மீட்டர் நேர்ப்பாதைக்கு இடம் போதாமல் போனது. சுண்ணாம்புத் தூள் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிச் சில அடிகளிலேயே சுவர். அதில் மோதிக்கொள்ளாமல் இருக்க, பிள்ளைகள் எண்பதாவது மீட்டரிலேயே வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொண்டார்கள். மாவட்டப் போட்டியில், முன்னால் சுவரே இல்லாத பாதையிலும், அதே இடத்தில் அவர்களுடைய கால்கள் தளர்வதை ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன். கட்டடத்தை வேறு பக்கம் மாற்றலாம் என்று மனுக் கொடுத்தேன். தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்று ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல், கட்டடத்துக்குத் தளம் போட்டு முடித்த பிறகும் எனக்கு வந்துகொண்டிருந்தது.

குறுவட்டப் போட்டி நடக்கும் மைதானங்களில் பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றும் அறை இருப்பதில்லை. நான்கு பேர் ஒரு போர்வையின் முனைகளைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி மாற்றிக்கொள்வாள். காற்று அடித்தால் ஐந்தாவதாக ஒருத்தி ஓடிவந்து கீழ்ப்பக்கத்தை மிதித்துக்கொள்வாள். கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் அன்று வந்திருக்க மாட்டார். மாதவிலக்கு நாளில் போட்டி வந்துவிட்டால் நன்றாக ஓடக்கூடிய பிள்ளையே காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் தங்கிவிடுவாள். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட் கணக்குக்குப் போய்விடும்.

விளையாட்டு மாநிலப் பட்டியலில் 33ஆவது இனம், ஆகவே இதெல்லாம் மாநில அரசின் வேலை என்று சொல்லப்படலாம். பாதி உண்மை. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளியில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதை இயற்றியது நாடாளுமன்றம். அந்தச் சட்டம் எத்தனை பள்ளிகளில் காகிதத்தோடு நிற்கிறது என்று கேட்கும் கடமையும் நாடாளுமன்றத்துக்கே உரியது. தமிழ்நாட்டில் 2012 இல் நியமிக்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் உடற்கல்வி ஆசிரியர்களும் அடக்கம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. உலகப் பட்டம் வென்றவர் பெரும்பாலும் இந்தக் கட்டத்தை எப்போதோ கடந்து போய்விட்டவர். அதே இடத்தில் ஆண்டு முழுதும் நிற்பவர்களுக்குத்தான் இது அன்றாடம் கண்ணில் படும்.

புகழ்பெற்றவர் பேசினால் நாடு கேட்கும் என்பார்கள். டெண்டுல்கரின் முகநூல் காணொளியை நாடு கேட்கத்தான் செய்தது. அதற்கு அவை தேவைப்படவில்லை. விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கே வரக்கூடாதா என்றும் கேட்பார்கள். தாராளமாக வரட்டும். 1928 இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங், அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காக வாதாடினார், பிறகு அவர்களுடைய வாக்கைப் பெற்று மக்களவைக்கும் போனார். துப்பாக்கி சுடும் வீரர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் ஜெய்ப்பூர் ஊரகத் தொகுதியில் வாக்குக் கேட்டு வென்றே விளையாட்டு அமைச்சரானார். ஹாக்கி வீரர் திலீப் திர்கியை ஒடிசாவின் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் 2010 முதல் இருக்கும் சக்கர நாற்காலி ஓட்ட வீராங்கனை டானி கிரே-தாம்சன், எக்கட்சியையும் சேராமல் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைக்கும் பேருந்து, ரயில் வசதிக்கும் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறார். விளையாட்டு அமைப்புகள் தம் வீரர்களை எப்படிப் பேண வேண்டும் என்று 2017 இல் அரசுக்கு அறிக்கையும் தந்தார். அவரும் பதக்கக்காரர்தான். வேலை செய்யும் எண்ணத்தோடு அங்கே போனார்.

நியமன உறுப்பினர் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேரலாம் என்று, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை அனுமதிக்கிறது. பெரும்பான்மை இழுபறியாக இருக்கும் அவையில் பன்னிரண்டு வாக்குகள் சிறிய எண்ணிக்கை அன்று. மக்கள் கொண்டாடும் ஒரு முகத்தை அமர்த்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற வசதி, எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளுங்கட்சிக்கு இருந்துவந்திருக்கிறது. டெண்டுல்கரை நியமித்தது தங்களுக்கு முந்தைய அரசு என்பதையும் கருத்தில் கொண்டே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நாங்கள் இதில் ஒருமுறை பட்டிருக்கிறோம். திரைக்கலைஞர் ஒருவரின் மேலவை நியமனத்தில் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து 1986 இல் எங்கள் மாநில மேலவையே ஒழிக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதிகள் அதில் இருந்தன. அவையும் சேர்ந்து போயின.

ஆகவே தங்கள் முன் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறேன்.

விளையாட்டுத் துறைக்கு மாநிலங்களவையில் இடம் வேண்டும் என்று அரசு உண்மையாகவே கருதினால், 80ஆவது பிரிவில் அதைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் வைத்து வெளிப்படையாக விவாதியுங்கள். அதுவரை, போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்கும் எவரையும் நியமிக்காதீர்கள். விளையாட்டுச் சம்மேளனத்திலோ ஒலிம்பிக் சங்கத்திலோ கிரிக்கெட் வாரியத்திலோ பொறுப்பில் இருப்பவரை நியமிக்கக் கூடாது. நியமனத்துக்குப் பிறகு அத்தகைய பொறுப்பை ஏற்பவர் அவையிலிருந்து விலக வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்குங்கள்.

நியமன அறிவிப்போடு, அவருடைய எந்த அனுபவம் எந்தச் சட்டப் பணிக்குப் பயன்படும் என்று காரணத்தையும் வெளியிடுங்கள். கூட்டத்தொடரின் பெரும்பகுதி நாட்களில் வருவதாகவும், துறை சார்ந்த நிலைக்குழுவில் பணியாற்றுவதாகவும் நியமிக்கப்படுகிறவரிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுங்கள். அதைத் தர இயலாதவருக்கு விருது கொடுத்துச் சிறப்பியுங்கள், கேல் ரத்னா முதல் பாரத ரத்னா வரை எத்தனையோ இருக்கின்றன.

திருமதி உஷாவின் பதவிக்காலம் 2028 ஜூலையில் முடிகிறது. அந்த இடத்துக்கு மீண்டும் விளையாட்டுத் துறையிலிருந்து ஒருவரை எண்ணுவதாக இருந்தால், நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் மைதானத்தைக் காப்பாற்றிப் பிள்ளைகளை உருவாக்கிய ஒரு பயிற்சியாளரையோ, அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரையோ, மாற்றுத்திறனாளி விளையாட்டுக்காக உழைத்தவரையோ தேடுங்கள். தேடுவதற்கு மாநிலங்களிடமும் உடற்கல்வி ஆசிரியர் சங்கங்களிடமும் பெயர்களைக் கேளுங்கள். கேட்ட பெயர்களையும் தேர்ந்த பெயரையும் பொதுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்